விளக்கெண்ணெய்க் கொண்டை

ஆத்தா,

நேற்று கார்த்திகை. நாகல் நகர் வீட்டு வாசற்படியில் அகல்களை வரிசையாக வைத்துவிட்டு, எண்ணெய் எடுத்துவர உள்ளே திரும்பினேன். அதற்குள் என் மகள் தனம் குனிந்து ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்குக்குச் சுடரை மாற்றப் போயிருக்கிறாள். நெற்றியில் தொங்கிய சுருள் ஒன்று தீயில் பட்டுவிட்டது. பெரிதாக ஒன்றும் இல்லை. சுர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பிள்ளைக்குக் காயம் எதுவும் இல்லை. ஆனால் அந்த வாசனை, முடி பொசுங்குகிற வாசனை, வீடு முழுக்கப் பரவியது. அதற்குப் பின்னாலேயே நீயும் வந்துவிட்டாய்.

நீ செத்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இதுவரை கனவில் கூட வரவில்லை. வந்தது இப்படித்தான். உனக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

தனம் பயந்துபோய், தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள். "நமக்கு மட்டும் ஏம்மா இப்படிச் சுருட்டையா இருக்கு? ஒனக்கு இத யாரு குடுத்தா?"

இந்தக் கேள்விக்கு நம் வீட்டில் வருஷக்கணக்காக ஒரே பதில்தான் இருந்தது. அந்தப் பதிலைச் சொன்னவள், என்னைப் பெற்ற நீ. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். உனக்கு வாசிக்கத் தெரியாது, வாசித்துக் காட்டவும் இனி ஆள் இல்லை. இருந்தாலும் பரவாயில்லை. நீ பேசி நான் கேட்டது போதும்.

சாணார்பட்டிக்குக் கிழக்கே நம் தோட்டம். கனகாம்பரமும் மல்லியும். அய்யா காலையில் பூக்கூடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு திண்டுக்கல் போய்விடுவார். மிச்சப் பூவை நீ தொடுப்பாய். ஊரில் கல்யாணமா, சடங்கா, கோயில் கொடையா, எல்லாத் தலைக்கும் நம் வீட்டுப் பூதான். என் தலைக்கு மட்டும் கிடையாது. "அந்தப் பரட்டையில வச்சா பூவுக்குத்தான் கேவலம்" என்பாய், கையிலிருக்கும் சரத்தை விட்டுக் கண்ணைக்கூட எடுக்காமல்.

வெள்ளிக்கிழமை எனக்குத் தலை சீவும் நாள். பின்வாசலில் மணையைப் போட்டு உட்கார்ந்து, என்னை உன் முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொள்வாய். ஒரு சொட்டுத் தண்ணீர் படாத காய்ந்த தலையில் மேலிருந்து மரச் சீப்பை இறக்குவாய். சுருட்டை முடியைக் காய்ந்தபடி சீவுவது, சேலையை முள்வேலியில் போட்டு இழுப்பது மாதிரி. பாதி வழியில் சீப்பு நின்றுவிடும். நீ நிற்கமாட்டாய். சீப்பின் பல் உடைந்தால் அதற்கு ஒரு குட்டு, நான் அழுதால் அதற்கு ஒரு குட்டு. பிடுங்கிக்கொண்டு வந்த முடியைச் சுவரோரம் எறிவாய். அது அங்கே போயும் சுருண்டுகொண்டு கிடக்கும். அதைப் பார்த்து உனக்கு இன்னும் கோபம் வரும்.

அப்புறம் விளக்கெண்ணெய். சூடாக்கி, கை நிறைய வழித்து, முடியை மண்டையோடு மண்டையாக ஒட்டிவிடுவாய். புருவத்தில் இறங்கிக் கண் எரியும். பின்னலை இறுக்கும்போது நெற்றித் தோல் இழுபட்டுக் கண்ணே மேலே ஏறும். "இப்பத்தான் மனுசப் புள்ள மாதிரி இருக்க" என்பாய். பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் வெயிலுக்கும் வியர்வைக்கும் காதோரம் ஒவ்வொன்றாக எழுந்து நின்றுவிடும். பிள்ளைகள் சிரிப்பார்கள். சாயங்காலம் வந்தால் அதற்கும் சேர்த்து உன்னிடம் வாங்கிக்கட்டிக்கொள்வேன், என்னவோ நான்தான் அவற்றை எழுப்பிவிட்டேன் என்பதுபோல.

தனத்தின் வயதில் நானும் உன்னிடம் கேட்டேன். "இது யாரு முடி ஆத்தா?"

"எல்லாம் ஒங்கய்யா வகையறா. வடமதுரைக்காரி குடுத்த சொத்து. எங்க பக்கத்துல பூராம் கோர முடி, புல்லு மாதிரி நேரா. எந்தலையப் பாத்தேல்ல?"

பார்த்தேன். உன் தலை எப்போதும் ஒரே மாதிரிதான் இருந்தது. விளக்கெண்ணெயில் பளபளக்கும்படி வாரி இழுத்து, பிடரியில் கல் மாதிரி ஒரு கொண்டை. ஒரு மயிர் விலகிப் பார்த்ததில்லை. தோட்ட வேலைக்குப் போனால் தலையில் துண்டு. தலைக்கு ஊற்றுகிற நாளில் தட்டியைச் சாத்திக்கொண்டு குளிப்பாய். துண்டைச் சுற்றியபடி வருவாய், ஈரம் காயுமுன் உள்ளே போய் எண்ணெய் வைத்துக் கொண்டையோடு வெளியே வருவாய். மற்றப் பெண்கள் தலையை விரித்துப்போட்டு வெயிலில் உட்கார்ந்து கதை பேசுவார்கள். "பேய் பிடிச்சவளுக" என்பாய் அவர்களை. உன்னுடைய கட்டுசெட்டை ஊரே மெச்சியது. நானும்தான் மெச்சினேன்.

வடமதுரைக்காரி என்றது என் அத்தையை, அய்யாவின் கூடப்பிறந்த தங்கையை. அத்தையின் முடி கொஞ்சம் அலையலையாக இருக்கும். அவ்வளவுதான். அந்த அலையைச் சாட்சியாக வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் வழக்கு நடத்தினாய். அத்தை வரும்போதெல்லாம் என்னை இழுத்து முன்னால் நிறுத்தி, "இந்தாங்க, ஒங்க வீட்டுச் சொத்து. குறையாம இருக்கான்னு பாத்துக்கங்க" என்பாய். அத்தை சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றும். அய்யா மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போய்விடுவார். நான் அத்தையை வெறுத்தேன். அது வாங்கிவந்த காராச்சேவைத் தின்றுகொண்டே வெறுத்தேன்.

நான் வயசுக்கு வந்த வருஷம் நீ பழனிக்கு நேர்ந்துகொண்டாய். மொட்டை போட்டால் புதுமுடி கோரையாக வரும் என்று யாரோ உன் காதில் ஓதியிருக்கிறார்கள். மழைக்கும் நோய்க்கும் ஜனங்கள் முடி கொடுப்பார்கள். கொடுத்த முடிக்குப் பதிலாக வேறு நல்ல முடி வேண்டும் என்று முருகனிடம் போய் மாற்றுக் கேட்டவள் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். சவரக்காரர் என் தலையைப் பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஏனுங்கம்மா, வயசுக்கு வந்த புள்ளைங்க. நுனியில கொஞ்சம் கத்தரிச்சுப் பூமுடியாக் குடுத்தாப் போதாதுங்களா?"

"பூராத்தையும் வழிங்க. வேரோட வந்தாலும் சரிதான்" என்றாய்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்துக்கொண்டிருந்தது. நீ அதன்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே வந்தாய். திண்டுக்கல் வரும்வரை கையை எடுக்கவில்லை. நீ என் தலையை ஆசையாகத் தடவியது அந்த ஒரு தடவைதான், அதில் முடி இல்லாதபோது.

முடி வந்தது. விரற்கடை அளவு வளர்ந்ததும் சுருள ஆரம்பித்தது, முன்னைவிட நெருக்கமாக. மறு வருஷமும் கூட்டிப்போனாய். சாமி அப்போதும் உன் பேச்சைக் கேட்கவில்லை. "மொட்டத் தலையோட என்ன படிப்பு வேண்டிக்கெடக்கு" என்று பள்ளிக்கூடத்தையும் நிறுத்தினாய். முடி போனால் வளரும். படிப்பு வளரவில்லை.

அதற்கப்புறம் என் வேலை தோட்டத்தில். அப்போது மோட்டார் வரவில்லை, கமலைதான். மாடு முன்னும் பின்னும் நடக்க, தோல் பறியிலிருந்து தண்ணீர் கொட்டி வாய்க்காலில் ஓடும். வாய்க்கால் ஓரத்தில் ஒற்றைச் செம்பரத்தைச் செடி நின்றது. ஒருநாள் உச்சி வெயிலில் தலை அரிப்புத் தாங்காமல், அதன் இலையைப் பறித்துக் கல்லில் கசக்கி, வழுவழுவென்று வந்ததை அப்பிக்கொண்டு, ஓடுகிற தண்ணீரில் தலையைக் கவிழ்த்துப் படுத்துவிட்டேன். தண்ணீர் முடியைத் தானே பிரித்துக்கொண்டு போனது. விரலை விட்டேன். நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறினால் சிக்கு தானாகக் கழன்றது. என் விரல் என் தலைக்குள் தடங்கல் இல்லாமல் போய்வந்தது அன்றைக்குத்தான். வலிக்காமலும் தலை சீவலாம் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. அய்யாவின் பழைய வேட்டித் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தொடாமல் விட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன். காய்ந்ததும் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். வளையம் வளையமாக, ஒன்றோடொன்று சண்டை போடாமல் இறங்கியிருந்தது. தண்ணீரில் தெரிந்த பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது.

அதிலிருந்து உனக்குத் தெரியாமல் அதுதான் என் வழக்கம். தோட்டத்தில் இலை போட்டு அலசி, விரலால் சிக்கெடுத்து, வீட்டுக்கு வருமுன் இறுக்கிப் பின்னிக்கொள்வேன். முடி தோளைத் தாண்டியது. மாரியம்மன் திருவிழாவன்று பின்னாமல், பாதியை மட்டும் கட்டிக்கொண்டு, நம் வீட்டுக் கூடையிலிருந்து நானே ஒரு முழம் கனகாம்பரத்தைத் திருடி வைத்துக்கொண்டு போனேன். அத்தையும் அத்தை மகனும் வந்திருந்தார்கள். ராட்டினத்தில் ஏறி இறங்கியும் பூ நழுவவில்லை.

"கொண்டை ஊசியே குத்தலையே, எப்புடி நிக்குது? கோந்து போட்டு ஒட்டுனியா?" என்றான் அவன்.

"முடியே பிடிச்சுக்கிருச்சு, மச்சான்" என்றேன்.

"குடுத்து வச்ச பூவு" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்குத் தானே வெட்கப்பட்டு, அந்தப்பக்கம் போய்விட்டான். அன்றைக்கு என் தலைமேல் எனக்கே பொறாமை வந்தது.

வீட்டு வாசலில் நீ நின்றாய். அடிக்கவில்லை. என் தலையை இழுத்து மோந்து பார்த்தாய். "செம்பரத்தையா?" என்றாய். மறுநாள் காலையில் அரிவாளை எடுத்துக்கொண்டு நீயே வாய்க்காலுக்குப் போய், செடியைத் தூரோடு வெட்டி, துண்டு துண்டாக நறுக்கி அடுப்பில் வைத்தாய். பச்சை விறகு புகைந்தது. அந்தப் புகையில்தான் அன்றைக்குச் சோறு பொங்கினாய், அதைத்தான் எனக்குப் போட்டாய். மோந்த மாத்திரத்தில் அது என்ன இலை, எதற்கு உதவும் என்று கோரை முடிக்காரி ஒருத்திக்கு எப்படித் தெரிந்தது? எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. ஆத்திரத்தில் இருந்தேன்.

அந்த வருஷமே அத்தை வெற்றிலை பாக்கோடு வந்தது. மகனுக்கு என்னைக் கேட்டது. முறைதான், சம்பந்தம்தான், கேட்காமலேயே நடக்க வேண்டியது. அய்யா முகமெல்லாம் சிரிப்பு. நான் கதவுக்குப் பின்னால் நின்று தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே பொருள் அந்தத் தட்டில் இருந்தது. நீ தட்டைத் தொடவில்லை.

"ஒங்க வீட்டு முடி இங்க ஒண்ணு வந்து நான் படுறது போதாதா? சுருட்டையும் சுருட்டையும் சேந்து இன்னும் எம்புட்டப் பெத்துப் போடணும்? எம்மகளக் கோர முடியுள்ள வீடாப் பாத்துத்தான் குடுப்பேன்."

அத்தை உன்னைப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. உன் முகத்தைக்கூட இல்லை, உன் கொண்டையை. அப்புறம், "சரிங்க அண்ணி. நீங்க சொன்னாச் சரிதான்" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தது. அவமானத்தில் வாயடைத்துப் போய்விட்டது என்று நினைத்தேன். அய்யாவும் எழுந்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

கோரை முடி வீடு ஒட்டன்சத்திரம் பக்கம் கிடைத்தது. அவர்கள் பெண் பார்க்க வருகிற காலையில், சலவைக்காரர் வீட்டிலிருந்து இஸ்திரிப் பெட்டியை இரவல் வாங்கி, கரி போட்டுக் கனிய வைத்தாய். என்னைத் தரையில் படுக்கவைத்து, முடியைப் பலகையில் பரப்பி, ஈரத்துணியை மேலே விரித்துத் தேய்க்க ஆரம்பித்தாய். துணி உலர்ந்ததை நீ கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் விடவில்லை. முடி பொசுங்கும் வாசனை வந்தது. நான் துள்ளினேன்.

"ஆடாதடி. ஆடுனா காதுதான் போகும்."

காதுதான் போனது. மடலில் பெட்டியின் மூக்கு பட்ட இடம் அப்படியே வெந்தது. நீ அதன்மேல் விளக்கெண்ணெயைத் தடவி, அதே கையோடு தலையையும் வழித்து வாரி, பொசுங்கிப் போன பக்கத்தை மறைக்கக் கோரை முடிச் சவுரி ஒன்றைச் சேர்த்துப் பின்னி, காதை மூடிப் பூச்சரத்தைத் தொங்கவிட்டாய். என் தலையில் நீ பூ வைத்தது அன்றைக்குத்தான், புண்ணை மறைக்க.

வந்த பெண்களில் மூத்தவள் என் முகத்தைவிடப் பின்னலைத்தான் அதிகம் பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள். "ஏனுங்க, பொண்ணு பின்னலக் கொஞ்சம் அவுத்துக் காட்டச் சொல்லுங்க" என்றாள். நீ ஏதோ சாக்குச் சொல்வதற்குள் அவளே எழுந்து வந்து இழுத்தாள். சவுரி அவள் கையோடு போயிற்று. பாதி எழுந்தும் பாதி பொசுங்கியும் கிடந்த என் முடியும், கொப்புளம் கட்டத் தொடங்கியிருந்த காதும் சபைக்கு வந்தன. அவள் சவுரியைத் தட்டில் பழத்தோடு பழமாக வைத்தாள்.

"பொண்ணு தனியா, முடி தனியாக் குடுப்பீங்களாட்ட இருக்குதுங்க."

அவர்கள் பஸ்ஸேறும் வரை சிரிப்புச் சத்தம் கேட்டது. நீ சவுரியை எடுத்து உதறி மடித்து வைத்துவிட்டு, "ஒன்னாலதான்டி. அந்த வடமதுரைக்காரியாலதான்" என்றாய். வெந்த காதுக்கு என்ன போடலாம் என்று கேட்டது அய்யா.

இனி யாரும் வரமாட்டார்கள் என்று உனக்கே தெரிந்து, அத்தை வீட்டுக்குச் சொல்லியனுப்பலாமா என்று அய்யா தயங்கித் தயங்கிக் கேட்டபோது, அங்கே வேறு பெண்ணைப் பேசி முடித்துவிட்டார்கள். தை மாதம் கல்யாணம். நாம் பூ அனுப்பினோம். நான்தான் தொடுத்தேன்.

எனக்கு வாய்த்தவர் முதல் தாரத்தை இழந்தவர், புகையிலை மண்டியில் எடைபோடுகிறவர். தலையில் மருந்துக்குக்கூட ஒரு முடி கிடையாது. அதனால் என் முடியைப் பற்றிச் சொல்ல அவருக்கு ஒன்றும் இல்லை. நல்ல மனிதர்தான். வந்த மறுநாளே செம்பரத்தைப் பதியன் ஒன்று வேண்டும் என்றேன், ஏன் எதற்கு என்று கேட்காமல் உடைந்த பானையில் வைத்துக் கொண்டுவந்தார். அந்தச் செடி இன்றைக்கு எங்கள் மாடி உயரத்துக்கு நிற்கிறது, ஆத்தா. வெட்ட ஆள் இல்லை.

தனம் பிறந்தபோது வந்தாய். பிள்ளை கறுப்பா சிவப்பா என்று பார்க்கவில்லை. உச்சியைத் தடவிப் பார்த்து, "இதுக்கும் அதேதானா?" என்றாய். அவளுக்கு நடை வந்த பருவத்தில் ஒருநாள், நான் கடைக்குப் போய்த் திரும்பினால், பின்வாசலில் மணை. உன் முழங்கால்களுக்கு நடுவில் என் மகள். கையில் சீப்பு, பக்கத்தில் விளக்கெண்ணெய்க் கிண்ணம். குழந்தை கத்தக்கூட மூச்சில்லாமல் நீலம் பாய்ந்து நின்றது. நான் சீப்பைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தேன்.

"எந்தலையில ஏறுனது போதும். இந்தத் தலையத் தொட்ட, கைய ஒடிச்சுருவேன்."

"நல்லதுக்குத்தானடி செய்யிறேன்" என்றாய். உன் கொண்டையைத் தொட்டுச் சரி செய்துகொண்டு எழுந்து போனாய். அதற்குப் பிறகு என் வீட்டுப் படி ஏறவில்லை. நானும் கூப்பிடவில்லை.

அடுத்து நான் உன்னைப் பார்த்தது பிணமாகத்தான். விஷக்காய்ச்சல் என்றார்கள். தாலியோடு போனவள் என்பதால் மஞ்சளும் பூவும் கூடைகூடையாக வந்திருந்தன. பின்வாசலில், நீ என்னை இடுக்கிக்கொண்டு உட்காரும் அதே இடத்தில், பெஞ்சில் உன்னைச் சாய்த்து, சுற்றிச் சேலையை மறைப்புப் பிடித்துக் குளிப்பாட்டினோம். உறவுமுறைப் பெண்கள் ஆளாளுக்கு உன் தலையில் சீயக்காய் வைத்தார்கள். வஞ்சனை இல்லாமல் தேய்த்தார்கள். குடம் குடமாக ஊற்றினார்கள். வருஷக்கணக்காக நீ சேர்த்து வைத்திருந்த விளக்கெண்ணெய் எல்லாம் மஞ்சள் நுரையாக வாய்க்காலில் இறங்கியது. சேலை மாற்றி, வாசல் பந்தலில் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்தோம். வெளியூரிலிருந்து ஆள் வரவேண்டியிருந்ததால் உடனே எடுக்கவில்லை. நல்ல வெயில். காற்றும் இருந்தது.

நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். ஊருக்காக இல்லை, உண்மையாகத்தான். அப்போது உன் காதோரத்தில் ஒன்று அசைந்தது. ஈரம் காயக் காய ஒரு கற்றை மேலே ஏறிச் சுருண்டது. ஈ ஓட்டுவதுபோல அதை ஒதுக்கிவிட்டேன், திரும்பவும் வந்து சுருண்டது. அப்புறம் நெற்றியில் ஒன்று. பிறகு பிடரியில். வளையம் வளையமாக, ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு, நரையும் கறுப்புமாக உன் தலை முழுவதும் எழுந்து வந்தது. என் முடி, ஆத்தா. கிணற்றுத் தண்ணீரில் நான் பார்த்த அதே முடி. என் அழுகை பட்டென்று நின்றுவிட்டது.

நான் பார்த்ததை அத்தையும் பார்த்துவிட்டது. அவசர அவசரமாக உள்ளே போய் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்தது. "அந்தப் பக்கம் மறைச்சு உக்காரு தாயி. செத்த நேரத்துல வாரி ஒரு கொண்டையப் போட்டுர்றேன். வாசல்ல சனம் கூடுறதுக்குள்ள."

"ஒனக்குத் தெரியுமா அத்தை?"

அத்தை எண்ணெயில் விரலைத் தோய்த்தபடி தலையைக் குனிந்துகொண்டது. "நாத்தனாரு நாந்தானே கல்யாணத்தன்னைக்கி அவுகளுக்குத் தலை அலங்காரம் பண்ணேன். அன்னைக்கே கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாக. மூணாம் மனுசருக்குத் தெரியக்கூடாதுன்னு."

"நான் மூணாம் மனுசியா அத்தை?"

அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தது. வெற்றிலைத் தட்டோடு எழுந்து போன அன்றைக்கும் இதே முகம்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே உன் வாய் மூடியிருக்கும், என் கழுத்தில் வேறு தாலி ஏறியிருக்கும். உனக்குக் கொடுத்த வாக்குக்காகத் தன் மகனுக்குக் கேட்டு வந்த பெண்ணையே விட்டுக்கொடுத்தது அந்த வடமதுரைக்காரி.

நான் கிண்ணத்தை வாங்கி, எண்ணெயை மண்ணில் கவிழ்த்தேன்.

"வேணாம் அத்தை. இப்படியே இருக்கட்டும். ஊரு பாக்கட்டும்."

"செத்தவுககிட்டயுமாடி கோவம்?"

"உசுரோட இருக்கையில விட்டாகளா, கோவப்பட?"

விரல்களை விட்டு உன் முடியை நானே பிரித்தேன். ஒரு சிக்கு இல்லை. தோளிலும் மார்பிலும் பரவவிட்டு, இரண்டு முழம் கனகாம்பரத்தை எடுத்து வைத்தேன். ஊசி குத்தவில்லை. அப்படியே நின்றது. உன் முடி அழகாக இருந்தது, ஆத்தா. அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வாசலில் பெண்கள் ஒருவர் காதில் ஒருவர் குசுகுசுத்தார்கள். "இவுகளுக்கா இந்த முடி?" "மகளோட முடியில்ல இது?" உன் வாழ்நாள் முழுக்க நீ எதற்குப் பயந்தாயோ அதைத் தலையில் விரித்துக்கொண்டு, பூவும் பொட்டுமாக, பட்டப்பகலில் ஊரைச் சுற்றி நீ போனாய். அனுப்பியவள் நான்.

கருமாதி முடிந்து அய்யாவிடம் கேட்டேன். அவர் மாட்டுத் தொழுவத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவ சின்னப் புள்ளையா இருக்கையில அவுகப்பன் பாம்பு கடிச்சுச் செத்துட்டாரு. இவ சுருட்டை முடிதான் அப்பனத் தின்னுருச்சுன்னு சொல்லிட்டாக. கால காத்தால அவ தலையில யாரும் முழிக்கமாட்டாகளாம். பெத்தவளே மூஞ்சத் திருப்பிக்கிருவாளாம். சொல்லாதீகன்னு எங்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டா தாயி."

இதைக் கேட்டதும் என் மனசு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. உன்னை இப்படிச் செய்தார்கள் என்பது உனக்குத் தெரியும். எங்கே வலிக்கும் என்பது தெரியும். செம்பரத்தை தெரியும், விரல் தெரியும், தண்ணீர் தெரியும். எல்லாம் தெரிந்துதான் காய்ந்த தலையில் சீப்பை இறக்கினாய். தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன்.

அன்றைக்கு நான் செய்ததற்கு இன்றுவரை வருத்தமில்லை. ஆனால் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. உன் முடி பொசுங்கியது எனக்குத் தெரியாமலே போயிற்று. அந்த வாசனை இத்தனை நாள் கழித்து நேற்றுத்தான், என் மகளின் நெற்றியிலிருந்து எனக்கு வந்தது.

விளக்குகளை ஏற்றி முடித்துவிட்டுத் தனத்தை வாசற்படியில் உட்கார வைத்தேன். பொசுங்கிய நுனியைக் கத்தரித்தேன். தலையை நனைத்து, இலையைக் கசக்கிப் போட்டு, விரலால் நுனியிலிருந்து பிரித்தேன். ஒரு சிக்கில் விரல் நின்றது. பிள்ளை தலையை அசைத்தாள். என்னை அறியாமல் என் முழங்கால்கள் இரண்டும் அவளை இறுக்கிப் பிடித்தன. உன் முழங்கால்கள்தான், ஆத்தா. காதில் நீ வைத்த சூட்டை நான் மறந்தாலும் மறப்பேன். இந்த முழங்கால்களை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? பல்லைக் கடித்துக்கொண்டு தளர்த்தினேன். ஒவ்வொரு தடவையும் தளர்த்த வேண்டியிருக்கிறது.

"சொல்லும்மா, யாரு முடி இது?" என்றாள் மறுபடியும்.

"ஒங்க அம்மாச்சி முடி."

"அம்மாச்சிக்குக் கோர முடின்னு சொல்லுவாகளே?"

"பொய். அப்புடியே ஒன்னய மாதிரிச் சுருட்ட. உரிச்சு வச்சாப்புல" என்றேன், சத்தமாக. தெருவில் விளக்கேற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் இன்னொரு தடவை சொன்னேன்.